சொந்தப் பாய்மரப் படகில் ஃபிஜி போகிறவர்கள் செய்யும் 'செவுசெவு' என்றால் என்ன?

ஒரு கிராமத்தின் அருகே நங்கூரம் போட்டதும் கரைக்குப் போய், ஊர்த் தலைவரிடம் காவா என்ற பானம் செய்யப் பயன்படும் செடியின் காய்ந்த வேரைக் கொடுத்து, தங்க அனுமதி கேட்கும் மரபுதான் செவுசெவு.

முதலில் சுவா, லவுடோகா, சவுசவு போன்ற நுழைவுத் துறைமுகம் ஒன்றில் மஞ்சள் கொடி ஏற்றிக் காத்திருந்து, குடியேற்ற, சுங்கச் சோதனைகளை முடிக்க வேண்டும். அதற்குமுன் வேறு எங்கேயும் கரை இறங்கக் கூடாது. அப்புறம்தான் மற்ற தீவுகள்.

சரி, கடலில் நிற்பதற்கு ஊரை ஏன் கேட்க வேண்டும்? கரையோரக் கடலும் பவளத்திட்டும் அந்த ஊராரின் பரம்பரை மீன்பிடி இடம். அதை 'கொலிகொலி' என்பார்கள். அங்கே நங்கூரம் போடுவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை விரிப்பது மாதிரி. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்வோமா?

செய்தித்தாளில் சுற்றிக் கட்டிய அந்த வேர், நம் ஊர் வெற்றிலை பாக்கு போன்றது. சந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் தொப்பியைக் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போங்கள். தரையில் அமர்ந்து வேர்க்கட்டை முன்னால் வையுங்கள். தலைவர் ஏற்றுக்கொண்டால், அந்த ஊர் உங்களை விருந்தாளியாகப் பார்த்துக்கொள்ளும். எனக்கு இந்த மரபில் மிகவும் பிடித்தது அதுதான்.

பலர் இதை நங்கூரக் கட்டணம் என்று நினைத்துப் பணத்தை நீட்டுகிறார்கள். செவுசெவு கட்டணம் இல்லை, அரசு அனுமதிச்சீட்டு கையில் இருந்தாலும் இதைச் செய்தாக வேண்டும்.