ஓதம் ஏறி இறங்கியும் உப்பங்கழித் தண்ணீர் மாறாதது ஏன்?

கேள்வி: முட்டுக்காடு உப்பங்கழியில் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கிறோம். தினமும் இரண்டு முறை கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிறது. ஆனாலும் சில நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஏன்?

தண்ணீர் ஏறி இறங்குவது வேறு, மாறுவது வேறு. சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி ஓதமே, அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கமே, சுமார் ஒரு மீட்டர்தான். குறுகிய முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே வரும்போது அது இன்னும் குறைந்துவிடும். ஒரு கணக்குக்கு, கழியின் சராசரி ஆழம் 2 மீட்டர், உள்ளே ஏற்றம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓதத்துக்கு வெளியேறுவது 15 சதவீதம். கரையோர நீரோட்டம் வலுவாக இருந்தால் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இல்லையென்றால் வாசலிலேயே நின்று, அடுத்த ஏற்றத்தில் திரும்பி வரும். பாதி திரும்பினால்கூட, ஒரு வாரம் கழித்தும் மூன்றில் ஒரு பங்கு பழைய தண்ணீர்தான். உள்கோடியில் இன்னும் மோசம்.

அடுத்தது கலக்கல். ஓட்டத்தின் வேகம் பாதியானால் கலக்கும் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். அஷ்டமியை ஒட்டி ஓதம் சிறுக்கும்போது நடப்பது இதுதான். அந்த நேரம் மழையும் பெய்து நல்ல தண்ணீர் மேலே படிந்தால், அடித் தண்ணீருக்குக் காற்றே எட்டாது. கீழே தீவன மிச்சம் அழுகி ஆக்சிஜனைத் தின்னும். இரவெல்லாம் பாசியும் தன் பங்குக்கு இழுக்கும். அதனால்தான் விடியற்காலையில் மீன் திணறுகிறது.

முதலில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டர் ஒன்று வாங்குங்கள். விடிவதற்கு முன் மேலேயும் அடியிலும் அளந்து பாருங்கள், கூடவே உப்பளவும். மேலுக்கும் கீழுக்கும் உப்பு நிறைய வித்தியாசப்பட்டால் தண்ணீர் அடுக்கடுக்காக நிற்கிறது என்று அர்த்தம். ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மி.கி.க்குக் கீழே போனால் அன்றைக்குத் தீவனத்தை நிறுத்தி, தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை ஓடவிடுங்கள். ஆனால் அது அடிச் சேற்றைக் கிளப்பக் கூடாது.

கூண்டை வாய்க்கால் ஓடும் ஆழமான பகுதிக்கு நகர்த்த முடிந்தால் நல்லது. முகத்துவாரத்தின் கழுத்தில் மட்டும் வேண்டாம், ஓட்டம் வலையைச் சுருட்டிவிடும்.

கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைத்துக்கொண்டால் ஓதமே இல்லை. காற்று கலக்கினால்தான் உண்டு. அதற்கு முன்பே ஒரு பகுதி மீனைப் பிடித்து விற்றுவிடுங்கள்.