லினக்ஸில் டிவிடி ரைட் செய்யும் வேகம் 2எக்ஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியதில் எனக்குத் தேவையானது இவ்வளவு: திருவொற்றியூர் வீட்டில் உபுண்டு போட்ட பழைய டெஸ்க்டாப். டிஸ்க் மேல் 16எக்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது, டிஸ்க் எழுதும் மென்பொருளான கே3பியிலும் 16எக்ஸ்தான் கொடுக்கிறீர்கள், ஆனால் 2எக்ஸ் பக்கமே ஓடி ஒரு டிவிடிக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. பிரசெரோ என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாறிப் பார்த்தும் அதே கதை.

அதே கதையாகத்தான் இருக்கும். டிவிடி என்றால் கே3பி பின்னணியில் குரோஐஎஸ்ஓஎஃப்எஸ் என்ற கட்டளையைத்தான் கூப்பிடுகிறது. பிரசெரோவும் அதையோ லிப்பர்ன் என்ற நிரல் தொகுப்பையோ கூப்பிடும். முன்னால் தெரியும் ஜன்னல்தான் வேறு. அதனால் இன்னொரு மென்பொருளைத் தேடி இறக்க வேண்டாம்.

நான் பாரிமுனையில் தம்பு செட்டித் தெருப் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் டிவிடி யார் ரைட் செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் காலையில் கோர்ட் தொடங்கும் முன் வந்து பார்க்கலாம். சிசிடிவி பதிவு, போன் பேச்சு எல்லாவற்றையும் டிஸ்க்கில் போட்டுக் கொடு என்று வக்கீல் குமாஸ்தாக்கள் நிற்பார்கள். "அண்ணே, மூணு காப்பி, பத்தரைக்குள்ள வேணும்" என்பார்கள். எனவே இந்த வேகப் பிரச்சினை எனக்குப் பிழைப்புப் பிரச்சினை.

முதலில் கணக்கு. டிவிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு சுமார் 1.4 எம்பி. 16எக்ஸ் என்றால் 22 எம்பி. ஆனால் 16எக்ஸ் ரைட்டர் எதுவும் எடுத்ததும் 16எக்ஸில் ஓடாது. உள்வட்டத்தில் 6, 7எக்ஸ் வேகத்தில் ஆரம்பித்து வெளி ஓரத்துக்கு வரும்போதுதான் அந்த எண்ணைத் தொடும். 700 எம்பி கோப்பை மட்டும் போட்டுவிட்டு 16 வரவில்லையே என்று வருத்தப்படக் கூடாது. 'சரிபார்' என்ற பெட்டியில் டிக் இருந்தால், எழுதி முடித்த டிஸ்க்கை அது முழுக்கப் படித்துப் பார்க்கும். அந்த நேரத்தையும் சேர்த்து எண்ணியிருந்தால் கழித்துவிடுங்கள். உங்களுக்கோ கடைசி வரை 2எக்ஸ்தான் என்கிறீர்கள், அது கோளாறுதான்.

எங்கே கோளாறு என்பதை கே3பியே காட்டும். ரைட் ஓடும்போது கீழே இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று மென்பொருள் பஃபர், இன்னொன்று ரைட்டருக்குள் இருக்கும் பஃபர். பஃபர் என்றால் எழுதும் முன் தரவு காத்திருக்கும் தொட்டி. டெர்மினலில் குரோஐஎஸ்ஓஎஃப்எஸ் ஓட்டினால் இவையே ஆர்பியூ, யூபியூ என்று சதவீதமாக வரும். மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கும்போது குடம் நிரம்பத் தாமதம் ஆனால், லாரியில் தண்ணீர் இல்லையா, குழாய் மடங்கியிருக்கிறதா, குடத்தின் வாய் சின்னதா என்று பார்ப்போம் இல்லையா, அதே கேள்விதான் இங்கேயும். மென்பொருள் பஃபர் அடிக்கடி காலியானால் ஹார்ட் டிஸ்க் பக்கம் தாமதம். அது நிரம்பியிருக்க, ரைட்டர் பஃபர் மட்டும் ஏறி இறங்கினால் நடுவில் உள்ள கேபிளோ போர்ட்டோ காரணம். இரண்டும் நிரம்பியிருந்தும் மெதுவாகப் போனால், ரைட்டரே வேண்டுமென்று மெதுவாக எழுதுகிறது. டிஸ்க்தான் அதற்குப் பிடிக்கவில்லை.

ஹார்ட் டிஸ்க் பக்கம் என்றால் வைத்தியம் சுலபம். கல்யாண ஃபோட்டோ மாதிரி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை நேராக ரைட் செய்யாமல், முதலில் எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் உருவாக்கிக்கொண்டு அதை ரைட் செய்யுங்கள். பென் டிரைவிலிருந்து நேராக எழுதவே எழுதாதீர்கள், மலிவு பென் டிரைவ் பலவற்றுக்கு நொடிக்கு 22 எம்பி கொடுக்கும் தெம்பு கிடையாது.

நடுவழியில்தான் உங்கள் வீட்டைப் பற்றி எனக்குச் சந்தேகம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரம் இருக்கும் கம்ப்யூட்டர்களில் கனெக்டர்களில் களிம்பு ஏறிவிடும். தொடர்பு விட்டு விட்டு வந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பிழைகளைப் பார்த்துவிட்டு, பாதுகாப்புக்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்களிடம் ஒன்றும் சொல்லாது, பதிவேட்டில் மட்டும் எழுதி வைக்கும். டிஎம்இஎஸ்ஜி கட்டளையைக் கொடுத்து 'ஏடிஏ' என்று வரும் வரிகளைப் பாருங்கள். பழைய ஐடிஇ வகை பட்டைக் கேபிள் ரைட்டருக்கு 'யூடிஎம்ஏ/33' அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 'பிஐஓ4' என்று இருந்தால் திருடன் சிக்கிவிட்டான்: ஒவ்வொரு துண்டையும் பிராசசரே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மெல்லிய கேபிளில் வரும் சாட்டா ரைட்டரில் '1.5 ஜிபிபிஎஸ்' என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், ரைட்டர்களுக்கு அது வழக்கமான வேகம், தேவைக்கும் மேல். கேபிளைக் கழற்றிப் புதிதாக ஒன்று போடுங்கள், வேறு போர்ட்டில் செருகுங்கள், அப்புறம் மறுபடி பாருங்கள்.

எச்டிபார்ம் கட்டளையில் டி1 (-d1) கொடுத்து, பிராசசரைத் தொடாமல் தரவை அனுப்பும் டிஎம்ஏவை இயக்கு என்று இணையத்தில் நிறைய இடத்தில் இருக்கும். ரைட்டர் 'எச்டிசி' என்று தெரிந்த காலத்து ஆலோசனை அது. இப்போது அது 'எஸ்ஆர்0'. அந்தக் கட்டளை பிழை காட்டிவிட்டுப் போய்விடும். பழைய ஐடிஇ டிரைவரையே 2021இல் கெர்னல் 5.14இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

யூஎஸ்பி ரைட்டர் என்றால் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையோடு மைனஸ் டி (-t) சேர்த்துப் பாருங்கள். 480எம் என்று வர வேண்டும். 12எம் என்று வந்தால் 1எக்ஸ் கூட எட்டாது. ஹப்பை விட்டுவிட்டு பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். மெலிந்த ரைட்டர்களோடு இரண்டு முனை கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். ரைட் செய்யும்போது ஒரு போர்ட்டின் மின்சாரம் பற்றாமல் போகலாம்.

இனி டிஸ்க். மேலே அச்சிட்ட 16எக்ஸை ரைட்டர் படிப்பதில்லை. டிஸ்க்குக்குள் தயாரிப்பாளரின் குறியீடு இருக்கிறது. ரைட்டர் அதைத் தனக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் உள்ள பட்டியலோடு ஒப்பிடும். தெரிந்த குறியீடு என்றால் அதற்கேற்ற வேகம். தெரியாதது என்றால் எதற்கு வம்பு என்று 2, 4எக்ஸோடு நின்றுவிடும். டிவிடி+ஆர்டபிள்யூ-டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ என்ற கட்டளை கிடைக்கும். 'மீடியா ஐடி' என்ற குறியீட்டையும் ரைட்டர் சம்மதிக்கும் எழுத்து வேகங்களையும் அது காட்டிவிடும். அங்கேயே 2எக்ஸ் மட்டும் இருந்தால் லினக்ஸ் மேல் பழி இல்லை. ரிச்சி தெருவுக்கோ பர்மா பஜாருக்கோ போய் 50 டிஸ்க் டப்பாவை வாங்கும் முன் வேறு வேறு பிராண்டில் ஒன்றிரண்டு உதிரியாக வாங்கிக் குறியீட்டைப் பாருங்கள். ஒரே குறியீடு பல பிராண்டுகளின் பெயரில் வரும், அட்டைப்படத்தை நம்ப முடியாது. அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் என்றால் அதன் வேகமே பெரும்பாலும் 4எக்ஸ்தான், அதைத் திட்டாதீர்கள்.

எல்லாம் சரியான பிறகும் 16எக்ஸ் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கடையில் 8எக்ஸுக்கு மேல் நான் வைப்பதில்லை. 16எக்ஸில் முழு டிஸ்க் ஐந்தாறு நிமிடம், 8எக்ஸில் எட்டொன்பது. அந்த மூன்று நிமிடத்துக்காக வெளி ஓரத்தில் பிழை ஏற விட மாட்டேன். மின்னணுச் சாட்சியத்தோடு கோர்ட்டில் கொடுக்கும் 65பி சான்றிதழாக இருந்தது 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுக்கு மாறி, படிவத்தில் கோப்பின் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணையும் எழுதச் சொல்கிறார்கள். டிஸ்க்கில் உள்ள கோப்பு அதோடு ஒத்துப்போகாவிட்டால் குமாஸ்தா நேராக என் கடைக்குத்தான் வருவார். அதற்காக 1எக்ஸ் கொடுத்தால் இன்னும் சுத்தமாக வரும் என்றும் நினைக்காதீர்கள். 16எக்ஸுக்கென்று செய்த டிஸ்க்குகள் அவ்வளவு மெதுவான வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல, பல ரைட்டர்கள் அந்த வேகத்தை ஏற்றுக்கொள்ளவும் செய்யாது.