தம்பியின் கேள்விக்கு வீடியோ போதாது

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் தம்பி இப்போது ஆலயத்துக்கு வருவதில்லை. “எல்லாவற்றையும் கடவுள் படைத்தார் என்றால் அவரை யார் படைத்தார்? பச்சைக் குழந்தைக்குப் புற்றுநோய் வரவிடுகிறவர் நல்லவரா?” என்று கேட்கிறான். பெருவெடிப்புக் கொள்கையே கடவுளுக்குச் சான்று என்று சொல்லும் ஒரு வீடியோவை அனுப்பினேன், சிரித்துவிட்டான். இப்படிக் கேட்பதே பாவம் என்கிறார் எங்கள் போதகர். நான் என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போதகர் சொன்னது என்னை வருத்துகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற கத்தோலிக்க இறையியலாளர், கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஐந்து வழிகளை எழுதினார். அவற்றைச் சொல்வதற்கு முன்பாகவே, கடவுள் இல்லை என்பதற்கான இரண்டு வாதங்களைத் தம் கையாலேயே எழுதி வைத்தார். உலகில் தீமை இருக்கிறது என்பது ஒன்று. உலகில் நடப்பதையெல்லாம் இயற்கையையும் மனித அறிவையும் கொண்டே விளக்கிவிடலாம், கடவுள் தேவையில்லை என்பது மற்றொன்று. இன்றைய நாத்திகரும் பெரும்பாலும் இந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள். உங்கள் தம்பி கேட்டதில் பாவம் எதுவும் இல்லை. விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு தம் முதல் நிருபத்தில் (3:15) எழுதியது இவனைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான்.

“கடவுளை யார் படைத்தார்?” என்பதற்கு வருவோம். 1927இல் லண்டனில் ஆற்றிய உரையில் கடவுள் நம்பிக்கை இல்லாத தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இதையே கேட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்றால் கடவுளுக்கும் வேண்டுமே என்றார். ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்று நாம் வாதத்தைத் தொடங்கினால் அவர் சொல்வது சரி; அங்கேயே தோற்றுவிடுவோம். ஆனால் அக்குவினாஸ் அப்படித் தொடங்கவில்லை. தானாக இருக்க முடியாதது, இருப்பதற்கு வேறொன்றைச் சார்ந்திருப்பது, அதற்குத்தான் காரணம் வேண்டும் என்றார். ஒரு கண்ணாடியில் தெரியும் வெளிச்சம் அடுத்த கண்ணாடியிலிருந்து வருகிறது, அதற்கு இன்னொன்றிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிகளை முடிவில்லாமல் அடுக்கினாலும், தானே ஒளிரும் ஒன்று எங்கோ இல்லாவிட்டால் எதிலும் வெளிச்சம் இராது. அந்த விளக்குக்கு எந்தக் கண்ணாடி ஒளி தந்தது என்று கேட்பதில் பொருளில்லை. கடவுளை யார் படைத்தார் என்று கேட்பதும் அப்படித்தான்.

தம்பி கெட்டிக்காரன் என்றால் அடுத்து ஒன்று கேட்பான்: “அந்த விளக்கு பிரபஞ்சமாகவே இருக்கக் கூடாதா?” 1948இல் பிபிசி வானொலியில் கோப்பிள்ஸ்டன் என்ற இயேசு சபைக் குருவோடு விவாதித்தபோது ரஸ்ஸலும் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து நின்றார். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். இது நியாயமான எதிர்க்கேள்வி. மாறிக்கொண்டே இருப்பதும், வேறு விதமாக இருந்திருக்கக் கூடியதுமான ஒன்று தன் இருப்புக்குத் தானே ஆதாரமாக இருக்க முடியும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அறிவுள்ள பலர் இதில் என்னோடு உடன்படமாட்டார்கள். அதையும் தம்பியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீடியோவை இனி அனுப்ப வேண்டாம். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931இல் முன்வைத்து, பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றுபோல் எடுத்துப் பேசியபோது லெமத்ருக்கே அது பிடிக்கவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கொள்கையை உருவாக்கிய விசுவாசியே சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்? நாளை அறிவியல் திருத்தப்பட்டால் தம்பியின் விசுவாசமும் அதோடு போய்விடும்.

குழந்தையின் புற்றுநோய்தான் உண்மையில் கடினமான கேள்வி. எல்லாம் வல்ல, முற்றிலும் நல்ல கடவுளும் தீமையும் சேர்ந்திருப்பது தர்க்க முரண் என்று ஜே. எல். மக்கி என்ற நாத்திகத் தத்துவ அறிஞர் 1955இல் எழுதினார். சுதந்திர சித்தமுள்ள மனிதரைப் படைத்தால் அவர்கள் தீமையைத் தேர்ந்தெடுக்கவும் கூடும், ஆகவே முரண் இல்லை என்று கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா காட்டினார். நாத்திகரான வில்லியம் ரோ 1979இல் அந்த முரண் நிறுவப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். இவ்வளவு வீணான துன்பம் இருக்கும்போது அப்படியொரு கடவுள் இருப்பது நம்பத்தக்கதல்ல என்று வாதத்தை மாற்றினார். தத்துவத்தில் நமக்குக் கிடைத்தது இவ்வளவே. குழந்தையின் உடலில் வளரும் கட்டியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. “இதற்கொரு காரணம் இருக்கும்” என்று தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள்.

வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாய் திறந்து கடவுளுக்காக வாதாடினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது கேள்வி மேல் கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல, தமக்காக வாதாடிய அந்த நண்பர்களிடம். தம்பி சொல்லும் குழந்தை யார் என்று கேட்டீர்களா? அவனுக்குத் தெரிந்த ஒரு குழந்தையாக இருந்தால், அன்று எந்த வாதமும் வேண்டாம். அவன் சொல்வதைக் கேளுங்கள். நாம் விசுவாசிக்கிற கடவுள் தம் நண்பன் லாசரு இறந்தபோது அழுதவர், சிலுவையில் “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று கதறியவர். துன்பம் ஏன் வந்தது என்பதற்கு அது விளக்கமாகாது. ஆனால் துன்பத்தைத் தூரத்தில் நின்று பார்க்கும் ஒருவரை நாம் வணங்கவில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அக்குவினாஸின் வழிகள் முழுவதும் சரியென்று தம்பி ஏற்றாலும் இயேசுவிடம் வந்துவிடமாட்டான். கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கம் வீண் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 15). ஆகவே இயேசு என்ற மனிதரைப் பற்றிய சாட்சியை அவன் நேரடியாகப் படித்துப் பார்க்கட்டும். மாற்கு நற்செய்தி 16 அதிகாரங்கள்தான். ஒரே மாலையில் முடித்துவிடலாம். நம்ப முடியாத இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள், நீங்களும் உங்கள் பிரதியில் கோடிடுங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த இடங்களைப் பற்றிப் பேசுங்கள்.