லத்தீன் தெரியாது, கிறிஸ்தவரும் இல்லை: ஸ்வேலிங்கைக் கேட்கலாமா?

"நான் கிறிஸ்தவன் இல்லை. லத்தீன் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஸ்வேலிங்கின் 'கான்டியோனஸ் சாக்ரே' பதிவைக் கேட்டேன், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. தொடர்ந்து கேட்பதில் அர்த்தம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (ஸ்வேலிங்க் நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டச்சு இசையமைப்பாளர்; 'கான்டியோனஸ் சாக்ரே' அவருடைய லத்தீன் பக்திப் பாடல் தொகுப்பு.)

உண்டு. தாராளமாகக் கேளுங்கள். "சர்ச் பாட்டு உனக்கெதுக்கு?" என்று உங்களை யாரோ கேட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. என்னையும் கேட்டார்கள். அதனால்தான் இந்தப் பதில்.

வேலை நிமித்தமாக ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில் இருந்தேன். அங்கே அக்கம்பக்கத்தினர் சேர்ந்து மாலை நேரத்தில் பாடும் ஒரு குழுவில் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடினேன். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக அந்தத் தொகுப்பிலுள்ள 'ஹோடியே கிறிஸ்டுஸ் நாடுஸ் எஸ்ட்' ('இன்று கிறிஸ்து பிறந்தார்') எடுத்திருந்தோம். பயிற்சிக்காக வீட்டில் அந்தப் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். தீபாவளி விருந்துக்கு வந்த நம்மூர் அண்ணன் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, எல்லார் முன்னாலும், "என்ன தம்பி, மதம் மாறிட்டியா?" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. விருந்தாளியிடம் சண்டை போட முடியுமா? அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

யான் பீட்டர்சோன் ஸ்வேலிங்க் 1562-இல் டெவென்டரில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமின் பழைய தேவாலயமான ஔடே கெர்க்கில் ஆர்கன் வாசித்தார். 1621-இல் இறக்கும்வரை அந்த வேலைதான். ஆனால் 1578-இல் அந்த ஊர் ஆட்சி கத்தோலிக்கர் கையிலிருந்து கால்வின் வழிப் புராட்டஸ்டன்டுகள் கைக்குப் போய்விட்டது. அவர்கள் ஆராதனையில் சபையார் பைபிளிலுள்ள சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களை ஒரே குரலாகப் பாடுவார்கள், அவ்வளவுதான். பல குரல் பின்னிவரும் பாட்டுக்கு அங்கே இடமில்லை, ஆர்கனுக்கும் இல்லை. ஆர்கன் நகரசபையின் சொத்து, வாசிப்பவருக்குச் சம்பளமும் நகரசபைதான். ஆராதனைக்கு முன்னும் பின்னும் அவர் வாசிப்பார், ஊர் ஜனங்கள் வந்து கேட்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டுதான் 1619-இல் ஐந்து குரல்களுக்கு 37 லத்தீன் மோட்டெட்டுகள் (பல குரல்கள் பின்னிவரும் பக்திப் பாடல்கள்) கொண்ட இந்தத் தொகுப்பை வெளியிட்டார். அச்சானது கத்தோலிக்க ஆன்ட்வெர்ப்பில். சமர்ப்பணம் கோர்னேலிஸ் பிளெம்ப் என்ற கத்தோலிக்க நண்பருக்கு. மாதாவைப் பாடும் 'ரெஜினா செலி'கூட உள்ளே இருக்கிறது! அவர் வேலை பார்த்த தேவாலயத்து ஆராதனையில் இதில் ஒன்றைக்கூடப் பாடியிருக்க முடியாது. அப்படியிருக்க, சர்ச்சுக்குப் போகாத நீங்களும் நானும் கேட்கக்கூடாது என்று சொல்ல யாருக்கு உரிமை? அவருடைய சொந்த நம்பிக்கை எது என்பதில் ஆய்வாளர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. இதைப் பிரசாரம் என்று யாரும் கமென்ட் போட வேண்டாம். பக்தியோடு கேட்பவர்களுக்கு இது இன்னும் அதிகம் கொடுக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

சரி, "ஒரே மாதிரி இருக்கிறது" என்றீர்களே. மேலே கேட்கும் சோப்ரானோவை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அப்படித்தான் தோன்றும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு 'ஹோடியே'வை எடுங்கள். ஒருமுறை டெனரை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை அடிக்குரலான பேஸை. "நோயே, நோயே" என்ற கிறிஸ்துமஸ் ஆரவாரம் ஒரு குரலில் கிளம்பும், அது முடியுமுன் இன்னொரு குரல் அதை வாங்கிக்கொள்ளும். இடையிடையே தாளம் மூன்றெண்ணிக்கைக்குத் தாவும். நாங்கள் தடுமாறியது அந்த இடத்தில்தான். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா, ராகத்தை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் தாளத்தோடு பேச வைத்தார். டெனர்கள் "நோயே" என்று பேசி நிறுத்தினால் எதிர் வரிசையிலிருந்து ஆல்டோக்கள் (தாழ்ந்த பெண் குரலில் பாடுபவர்கள்) பதில் சொல்வார்கள். அப்புறம் அது எனக்கு ஒருநாளும் ஒரே மாதிரி கேட்டதில்லை.

நீங்கள் கேட்டது எந்தப் பதிவு என்று சொல்லவில்லை. ரிச்சர்ட் மார்லோ நடத்திய கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக் குழுவின் பதிவு ஹைபீரியன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடாக இரண்டு தட்டுகளில் வந்தது. ஒவ்வொரு குரலுக்கும் பலர் பாடுவதால் ஒலி அகலமாக, வழுவழுப்பாக இருக்கும். ஹாரி வான் டெர் காம்ப்பின் 'ஜெசுவால்டோ கன்சார்ட் ஆம்ஸ்டர்டாம்' என்ற பாடகர் குழு ஸ்வேலிங்கின் குரலிசை முழுவதையும் பதிவு செய்திருக்கிறது. அங்கே குரலுக்கு ஒருவர்தான், ஆகவே ஒவ்வொரு வரியும் தனித்தனியே தெரியும். உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது. மார்லோவின் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், அந்த அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதன்முதலாகக் கேட்பவருக்குக் குரல்கள் பிரிந்து தெரிவது முக்கியம் என்பது என் கருத்து.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்ட்ரீமிங் செயலிகளில் இந்த மாதிரி இசையைப் போட்டுக் குதறுகிறார்கள். இசையமைத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குழுவின் பெயர், ஒரு மோட்டெட் முடிந்ததும் அது என்ன இசை என்றே பார்க்காமல் ஏதோ ஒரு பியானோ. பாடல் வரிகள் கிடையாது. நான் சிடி இரவல் வாங்கிய ஒரு நூலகத்தில், "எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்று சொல்லி மொத்த சிடிகளையும் கழித்துக் கட்டிவிட்டார்கள். அந்த உறைக்குள் இருந்த கையேட்டில்தான் வரிகளும் பொருளும் இருந்தன. பணம் கொடுத்தும் இன்று அது நமக்குக் கிடைப்பதில்லை என்பது அநியாயம்.

ஆனால் ஹைபீரியன் தன் தளத்தில் கையேடுகளை இலவசமாகத் தருகிறது. எந்தப் பதிவைக் கேட்டாலும் வரிகள் ஒன்றுதான், அதை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 37-ஐயும் ஒரே மூச்சில் ஓடவிட வேண்டாம். 'ஹோடியே'வைக் கேட்டு முடித்ததும், ஆழத்திலிருந்து கூப்பிடும் சங்கீதமான 'டே ப்ரோஃபுண்டிஸ்'. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருப்பவை. அதற்குப் பிறகும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றால் இங்கேயே வந்து எழுதுங்கள், எந்த இடத்தில் என்று சொன்னால் சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்.