மகிந்திரா ஜீப்ல முன் வீல் ஊளைச் சத்தம் – பதில்
ப்ரோ, ஆத்துல இறக்கி ஏத்துனதுல இருந்து முன்னாடி ஊன்னு சத்தம், இடது பக்கம் ஒடிச்சா கூடுதுன்னு சொல்றீங்க, அப்போ வெயிட் வலது வீல் மேல விழுது, அங்கதான் பாக்கணும், மட் டயரும் ஊளையிடும்தான் ஆனா ஒடிக்கும்போது பெருசா மாறாது. ஜாக்கி போட்டு வீலை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா ஒருத்தர பிரேக்க மிதிக்க சொல்லுங்க, மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலன்னா கிங்பின் (ஒடிக்கும்போது வீல் திரும்புற அச்சு), தெரியாம பேரிங்க மாத்தி காசு விடாதீங்க.

ஹப்பை (பேரிங் உக்காந்திருக்குற வீலோட நடு பாகம்) கழட்டுனா கிரீஸ் பால் காப்பி கலர்ல இருந்துச்சுன்னா தண்ணி பூந்துருக்கு. உள் வெளி ரெண்டு பேரிங்கும், கப்போட (பேரிங்கோட வெளி வளையம்) சேத்து, தண்ணி பூராம தடுக்குற சீலும் புதுசா போடுங்க. பழைய கப்ப விட்டு புது கோன் (ரோலர் இருக்குற உள் பாகம்) மட்டும் போடுற மெக்கானிக்க நம்பாதீங்க. கிரீஸ உள்ளங்கையில வச்சு ரோலர் இடுக்குல மறுபக்கம் பிதுங்குற வரைக்கும் அமுக்கி ஏத்தணும், மேலாக்க தடவுறது வேஸ்ட்.

திரும்ப மாட்டும்போது, பேரிங்க புடிக்கிற உள் நட்ட வீல சுத்திக்கிட்டே டைட் பண்ணி, இறுகுனதும் ஒரு சுத்துல ஆறுல ஒரு பங்கு லூஸ் பண்ணி, நட்டு கழலாம புடிக்கிற லாக் வாஷர மடக்கிருங்க. கொஞ்சம் ஓட்டிட்டு ஹப்ப தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத சூடுன்னா ஓவர் டைட்.