ரயில் வரும் என்று சொல்லி விற்ற மனை

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். வாலாஜா பக்கம் ஒரு லே-அவுட்டில் 12 லட்ச ரூபாய் மனைக்கு 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தோம். "மெட்ரோ வருது, விலை ரெண்டு மடங்காயிடும்" என்றார்கள். விளம்பர நோட்டீசில் மனைக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன் போட்டிருந்தது. ஒப்பந்தம் பதியவில்லை. இப்போது மீதியைக் கேட்டு நெருக்குகிறார்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போடலாம் என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: வழி இருக்கிறது. மீதியை இப்போது கட்டாதீர்கள்.

2025-26 தமிழக பட்ஜெட்டில் சென்னை-காஞ்சிபுரம்-வேலூர் 140 கி.மீ. மித அதிவேக ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு என்றுதான் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பை வைத்துக்கொண்டு உங்கள் மனைக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் வரைய யாருக்கும் உரிமை கிடையாது. மெட்ரோ, இலகு ரயில் எது வந்தாலும் விலை ஏறுவது ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில்தான். போக்குவரத்தை ஒட்டிய நகர வளர்ச்சிக்கான மத்திய அரசின் 2017 கொள்கையும் ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டரைத்தான் தாக்கப் பகுதி என்கிறது. ஸ்டேஷன் இல்லாமல் தண்டவாளம் மட்டும் பக்கத்தில் போனால், சத்தம்தான் மிச்சம்.

சரி, பணத்துக்கு வருவோம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி பதிவு செய்திருக்க வேண்டும். நோட்டீசில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 13-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் அது 1,20,000 ரூபாய். அவர்கள் வாங்கியது 2 லட்சம். விளம்பரத்திலுள்ள பொய்யை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர் விலகிக்கொள்ளலாம், முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம் என்கிறது 12-ஆம் பிரிவு. அதனால் அந்த நோட்டீஸ்தான் உங்கள் முக்கிய சாட்சி. மடித்து எங்கேயாவது செருகி வைக்காதீர்கள். வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள்.

வக்கீல் மூலம் ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியோடு நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். அந்தச் சட்டத்துக்குள் வராத சிறிய லே-அவுட் என்றால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 17 முதல் 19 வரையிலான பிரிவுகளின்படி சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். காலம் கடத்தாதீர்கள்.

ஒருவேளை மனை பிடித்துப்போய் வாங்கவே முடிவு செய்தால், பட்டாவையும் 30 வருட வில்லங்கச் சான்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆனால் குறைந்த மதிப்புக்குப் பத்திரம் போட மட்டும் சம்மதிக்காதீர்கள். நாளைக்கு ரயில் உங்கள் மனை மேலேயே வந்தால் என்ன ஆகும்? 2013 நில எடுப்புச் சட்டப்படி வழிகாட்டி மதிப்பு, அறிவிப்புக்கு முந்தைய 3 வருடத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களின் சராசரி, இவற்றில் கூடுதலானதையே சந்தை மதிப்பாக எடுப்பார்கள். ஆறுதல் தொகையாக அதே அளவு இன்னொரு மடங்கும் உண்டு. கையில் ரொக்கமாகக் கொடுத்த மீதி எந்தக் கணக்கிலும் வராது. 12 லட்சம் கொடுத்தால் பத்திரத்தில் 12 லட்சம் என்றே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த மனை வேண்டாம்.