வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்போது நாய்க்குட்டியை எப்படிப் பழக்குவது?

மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நாய்க்குட்டி வரப்போகிறது, எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். "ரெண்டையும் ஒண்ணா விட்டுடுங்க, தானா பழகிடும்" என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். முதலில் பழக்க வேண்டியது உங்கள் பிள்ளையை.

குட்டியை விலைக்கு வாங்கப்போகிறீர்கள் என்றே நினைக்கிறேன். 8 வாரம் ஆகாத குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கூடப்பிறந்ததுகளோடு கட்டிப் புரளும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும் என்று அது தெரிந்துகொள்கிறது. அது தெரியாமல் வருகிற குட்டி உங்கள் பிள்ளையின் கையைக் கடித்துத்தான் கற்றுக்கொள்ளும்.

எங்களுடையது நாட்டு நாய். பால் பூத்துக்குப் பின்னால் தாய் போட்ட குட்டிகளில் ஒன்று, பால் மறந்த பிறகே தூக்கி வந்தோம். மகளுக்கு அப்போது நான்கு வயது. ஹாலின் மூலையில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, அதைச் சுற்றி அவளையே சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். குட்டி கோட்டுக்குள் இருந்தால் தொடக் கூடாது, கூப்பிடவும் கூடாது. அந்த வயதில் ஒரு நாளின் பெரும்பகுதி தூங்கும், அதை எழுப்பினால் எரிச்சலில் கடிக்கத்தான் செய்யும். தான் போட்ட கோடு என்பதால் அவளே காவலுக்கு நின்றாள். பக்கத்து வீட்டுப் பையன் காலை வைத்தால், "கோடு தெரியலையா உனக்கு?" என்று அதட்டுவாள். வீடு துடைத்து அழிந்தால் மறுபடி போட்டுவிடுவாள்.

கோட்டுக்கு வெளியே வந்தாலும் உட்கார்ந்துகொண்டுதான் தொட வேண்டும். தாடைக்குக் கீழே, நெஞ்சில் தடவலாம். கட்டிப்பிடிப்பது, தூக்குவது எதுவும் கிடையாது. கொஞ்சம் தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்வேன். குட்டி ஒட்டிக்கொண்டு வந்தால் மறுபடி தடவலாம், நகர்ந்து போனால் விட்டுவிட வேண்டும். ஒரு நாள் அவளாகவே சொன்னாள்: "அம்மா, அது உதட்டை நக்கிக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. போதுமாம்." எனக்கு அன்றைக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தின்பதற்கு எதுவும் இல்லாமலே உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைப்பது எல்லாம் அது "வேண்டாம்" என்று சொல்வதுதான். உறுமல் அதற்கும் அப்புறம் வருகிறது. உறுமினால் அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

"எவ்வளவு சாது பாரு, காதைப் பிடிச்சு இழுத்தாலும் சும்மா இருக்கு" என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். தெரிந்த ஒரு வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருந்த நாயின் வாலைப் பிள்ளை இழுத்தது, நாய் கடித்துவிட்டது. மறுநாளே காரில் ஏற்றி, கழுத்துப்பட்டையைக் கழற்றி, பைபாஸில் இறக்கிவிட்டு வந்துவிட்டார்கள். இத்தனைக்கும் குட்டியாக இருந்தபோது அதன் மேல் பிள்ளையை உட்கார வைத்துப் படம் எடுத்தவர்கள்.

அந்த நாய்க்காகப் பேசுவதால், தெருவில் நாயிடம் கடிபட்டவர்களின் வேதனையை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். வீட்டுக் குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தாலும் "பால் பல்தானே" என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். கடிபட்டவருக்கு அந்தக் காலம் போல வயிற்றில் ஊசி போடுவதில்லை, தோலில் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் (முதல் ஊசி போடுகிற நாள்தான் 0) கையில் ஊசி, அரசு மருத்துவமனையில் இலவசம். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, அதற்கு முன்பே பார்வோ என்கிற வயிற்றுப்போக்கு நோய்க்கான ஊசியும் பூச்சி மருந்தும்.

ஊசி முடியும்வரை வெளியே கொண்டுபோகவே கூடாது என்பார்கள். ஆனால் பயமில்லாமல் பழகுகிற வயது ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான். தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் கத்தி விளையாடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, உப்பில்லாமல் அவித்த கோழியை ஒரு துணுக்கு கொடுங்கள். வீட்டில் மிக்சி ஓடும்போதும் அப்படியே.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்று யாராவது கேட்பார்கள். நாங்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். அத்தையிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியிருந்தோம்: நீங்கள் சமையலறைக்குப் போனால் பிள்ளைக்கும் குட்டிக்கும் நடுவில் ஒரு கதவு சாத்தியிருக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தும், நாயோடு லிஃப்டில் ஏறக் கூடாது என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்படித் தடுக்கக் கூடாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி மேஜையில் வைத்ததோடு சரி. மூட்டுவலியோடு அத்தை படியில் இறங்குகிறார்கள். உங்களுடையதும் அப்பார்ட்மென்ட் என்றால் குட்டி வருமுன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம், குட்டி வருகிற அன்றைக்குச் சொந்தக்காரப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுவிடாதீர்கள். முதல் ராத்திரி அழும். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள், பிள்ளையின் படுக்கையில் மட்டும் ஏற்றாதீர்கள்.